கைதுப் பதிவு யாரைப் பற்றிப் பேசுகிறது? – டெக்சாஸின் ஒரு பல்கலைக்கழக நகரும் அதன் பொது ஆவணங்களும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் மாநகருக்கு வடமேற்கே வாலர் கவுண்டியில் அமைந்த சிறு நகரம் பிரெய்ரி வியூ. முன்பு அடிமைகளின் உழைப்பில் இயங்கிய தோட்டப் பண்ணையின் நிலத்தில், கறுப்பின மக்களின் கல்விக்கென 1876-இல் தோற்றுவிக்கப்பட்ட பிரெய்ரி வியூ ஏ அண்டு எம் பல்கலைக்கழகமே இந்நகரின் உயிர்நாடி. அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவியான சாண்ட்ரா பிளாண்ட், 28 வயதுக் கறுப்பினப் பெண், அங்கேயே பணியில் சேர்வதற்காக 2015 ஜூலையில் திரும்பி வந்தார். ஜூலை 10 அன்று, தடம் மாறும்போது சைகை விளக்கு போடவில்லை என்று மாநிலக் காவலர் ஒருவர் அவரது காரை நிறுத்தினார். வாக்குவாதம் முற்றி, பொது ஊழியரைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அவர் கைதானார். பிணைத்தொகை 5,000 டாலர். ஜூலை 13 அன்று வாலர் கவுண்டிச் சிறையில் அவர் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது உடற்கூறாய்வு. குடும்பத்தினர் அதை ஏற்க மறுத்தனர்.

இந்நிகழ்வு குறித்து அரசிடம் இரண்டு ஆவணங்கள் இருந்தன. ஒன்று, கைதுக்கான காரணத்தை விளக்கிக் காவலர் எழுதிய சத்தியப்பிரமாண வாக்குமூலம். மற்றொன்று, அவரது வாகனத்தின் கேமரா பதிவு செய்த காணொளி. விசாரணையைப் பாதுகாப்பாகத் தொடரவே பிளாண்டைக் காரிலிருந்து வெளியேற்றியதாக வாக்குமூலம் கூறியது. சிகரெட்டை அணைக்க மறுத்த பெண்ணிடம் காவலர் மின்னதிர்வுத் துப்பாக்கியை நீட்டி மிரட்டுவதைக் காணொளி காட்டியது. 2016 ஜனவரியில், பொய்ச் சத்தியம் செய்ததாகக் காவலர் மீதே கிராண்ட் ஜூரி குற்றஞ்சாட்டியது. இனி ஒருபோதும் காவல் பணியில் சேர்வதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 2017-இல் அவ்வழக்கு கைவிடப்பட்டது.

கைதுப் பதிவு என்பது கைதானவரின் வரலாறு அன்று. அது முதன்மையாக அரசு செய்த ஒரு செயலின் குறிப்பு. பொது ஆவணங்களைத் தேடுவோர் இதை மறவாதிருத்தல் வேண்டும். 1871-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நினைவைச் சுமக்கும் நமக்கு, அரசின் பதிவேட்டில் பெயர் ஏறுவதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. எனினும், டெக்சாஸில் அப்பதிவேடு எங்கே இருக்கிறது, எவர் திறக்கலாம், அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பனவற்றை அறிவது பயனுடையது.

பதிவுகள் எங்கே உள்ளன?

டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம், ஷார்ப்ஸ்டவுன் எனப்பட்ட பங்கு ஊழல் மாநில அரசியலை உலுக்கியதன் பின்விளைவாக 1973-இல் இயற்றப்பட்டது. ஆட்சியாளர்களின் செயல்களை மக்கள் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். எவரும் விண்ணப்பிக்கலாம். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் போலவே, எதற்காகக் கேட்கிறீர் என்று அதிகாரி வினவக் கூடாது. தகவலை மறுக்க விரும்பும் அலுவலகம், விலக்கு ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிராத நிலையில், 10 வேலை நாள்களுக்குள் மாநிலத் தலைமை வழக்குரைஞரின் முடிவைக் கோர வேண்டும். விசாரணை நிலுவையில் இருந்தாலும் கைது பற்றிய அடிப்படைத் தகவல்கள் பொதுவானவை.

ஒரே நகரில் நிகழும் கைதுகள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். நகரக் காவல் துறை, பல்கலைக்கழகக் காவல் துறை, கவுண்டியின் ஷெரிப், மாநிலக் காவல் ஆகிய நான்கும் தனித்தனி அமைப்புகள். எனவே, கைது செய்தது யார் என்பதே முதல் கேள்வி. பல்கலைக்கழக வளாகத்துக்கு வேறொரு வாயிலும் உண்டு. 1990-இல் வந்த கிளெரி சட்டத்தின்படி, தமக்கெனக் காவல் துறை வைத்திருக்கும் கல்வி நிறுவனங்கள் அன்றாடக் குற்றப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். கடந்த 60 நாள்களுக்கான பதிவுகளை அலுவலக நேரத்தில் எவரும் பார்வையிடலாம். அதில் குற்றத்தின் தன்மை, நாள், பொதுவான இடம், வழக்கின் நிலை ஆகியவை இருக்கும்.

நீதிமன்றக் கோப்புகள் பொதுத் தகவல் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும், அவை தனி விதிகளின்படி பெரும்பாலும் திறந்தவையே. பெருங்குற்ற வழக்குகளை மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடமும், சிறைத்தண்டனைக்குரிய சிறுகுற்ற வழக்குகளைப் பொதுவாகக் கவுண்டி எழுத்தரிடமும், 500 டாலர் வரை அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க சி வகை வழக்குகளை அமைதி நீதிபதியின் மன்றத்திலோ நகராட்சி மன்றத்திலோ தேட வேண்டும். பிரெய்ரி வியூவைப் பொறுத்தவரை, கவுண்டியின் தலைநகர் அருகிலுள்ள ஹெம்ப்ஸ்டெட். மாநிலம் முழுவதற்குமான தொகுப்பு பொதுப் பாதுகாப்புத் துறையிடம் உள்ளது. சிறு கட்டணம் செலுத்தி, தண்டனைத் தீர்ப்புகளையும் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்புகளையும் பொதுமக்கள் தேடலாம்.

பதிவு எதைச் சொல்வதில்லை?

பெயரையும் பிறந்த நாளையும் கொண்டு தேடுவது உறுதியான அடையாளம் அன்று. ஒரே பெயருடைய இருவரின் பதிவுகள் குழம்பக்கூடும். கைரேகை ஒப்பீடே ஐயத்தைத் தீர்க்கும். கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. கைதின் விவரம் கண்டவுடன் தேடலை நிறுத்துபவர் வழக்கின் முதல் பக்கத்தை மட்டுமே வாசித்தவர் ஆவார். நன்னடத்தைக் காலத்தை நிறைவு செய்தவரின் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு பொதுவாகத் தண்டனைத் தீர்ப்பாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் பதிவில் அது தென்படும்.

மாணவர்கள் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. டெக்சாஸின் குற்றவியல் சட்டத்தில் 17 வயதினர் பெரியவர்களாகவே நடத்தப்படுகின்றனர். வாக்களிக்கவும் வயது வராத முதலாமாண்டு மாணவரின் கைது, சிறார் பதிவுகளுக்குரிய மறைப்புப் பாதுகாப்பைப் பெறாது.

அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க சிறு மீறலுக்கும் ஒருவரைக் கைது செய்யலாம் என்பதையும் மறத்தலாகாது. இருக்கைப் பட்டை அணியாததற்காகக் கைது செய்யப்பட்ட டெக்சாஸ் தாய் ஒருவரின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் இதை அனுமதித்தது. அத்தகைய கைதுகளைக் கட்டுப்படுத்தும் பிரிவு 2017-ஆம் ஆண்டு சாண்ட்ரா பிளாண்ட் சட்டத்தின் தொடக்க வரைவில் இருந்தது. இறுதி வடிவில் அது நீக்கப்பட்டது. ஆகவே, யார் பெயர் பதிவில் ஏறும் என்பது, அவர் செய்த மீறலைவிடக் காவலரின் விருப்புரிமையையே பல வேளைகளில் சார்ந்திருக்கிறது.

கறையாக மாறும் காகிதம்

சமூகவியலாளர் தேவா பேஜர், மில்வாக்கி நகரில் நடத்திய ஆய்வை 2003-இல் வெளியிட்டார். ஒத்த தகுதிகளுடன் வேலை தேடி அனுப்பப்பட்ட இளைஞர்களுள், குற்றப்பதிவு இல்லாத வெள்ளையர்க்கு 34 விழுக்காடு மறு அழைப்புகள் கிடைத்தன. பதிவு உள்ள வெள்ளையர்க்கு 17. பதிவே இல்லாத கறுப்பினத்தவர்க்கு 14. பதிவு உள்ள கறுப்பினத்தவர்க்கு 5. குற்றமற்ற கறுப்பின இளைஞரைவிடத் தண்டனை பெற்ற வெள்ளை இளைஞரை வேலை தருவோர் விரும்பினர் என்பதே இதன் பொருள். குற்றப்பதிவின் அடிப்படையில் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக விலக்குவது இனப் பாகுபாடாக அமையக்கூடும் என்று கூட்டாட்சியின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-இல் வழிகாட்டியது. டெக்சாஸ் அரசு அதை எதிர்த்து வழக்காடியது. 2019-இல் ஐந்தாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சாஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

கறையைத் துடைக்கும் வழிகளும் சட்டத்தில் உண்டு. விடுதலையானவர்களும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு வழக்குக் கைவிடப்பட்டவர்களும் பதிவழிப்பு ஆணை கோரலாம். குற்றச்சாட்டே தாக்கலாகாத கைதாயின், சி வகைச் சிறுகுற்றத்துக்கு 180 நாள், ஏ, பி வகைகளுக்கு ஓராண்டு, பெருங்குற்றத்துக்கு மூன்றாண்டு எனப் பொதுவான காத்திருப்புக் காலங்கள் உள்ளன. ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பை நிறைவு செய்தோர் பலர், பொதுமக்கள் பார்வையிலிருந்து பதிவை மறைக்கும் ஆணையைக் கோரலாம். பின்னணியைச் சரிபார்க்கும் தனியார் நிறுவனங்களைக் கூட்டாட்சியின் 1970-ஆம் ஆண்டு நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கான சரிபார்ப்புக்கு எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். அறிக்கையைக் காரணம் காட்டி வேலையை மறுக்குமுன் அதன் படியை விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும். தண்டனையில் முடியாத, ஏழாண்டுக்கு மேற்பட்ட கைதுகளைப் பொதுவாக அறிக்கையில் சேர்க்கலாகாது. எனவே, வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ விண்ணப்பிக்குமுன் தன் பதிவைத் தானே எடுத்துப் பார்ப்பது தற்காப்பின் முதல் படி.

அதிகாரத்தை நோக்கித் திரும்பும் தேடல்

இதே ஆவணங்கள் அதிகாரத்தின் மீதும் வெளிச்சம் பாய்ச்ச வல்லவை. காவலில் ஒருவர் இறந்தால், 30 நாள்களுக்குள் தலைமை வழக்குரைஞருக்கு அறிக்கை அளிக்கப்பட வேண்டும். சட்டப் பாதுகாப்புடைய பகுதிகள் தவிர, எவரும் அதைப் பெறலாம். வாகனச் சோதனைகளில் நிறுத்தப்பட்டோரின் இன விவரம் அடங்கிய ஆண்டறிக்கையைக் காவல் துறைகள் வெளியிட வேண்டும் என்பது 2001 முதல் சட்டம். கவுண்டிச் சிறைகளின் ஆய்வறிக்கைகளைச் சிறைத் தரநிலை ஆணையத்திடம் பெறலாம். பிளாண்டின் மரணத்துக்குப் பின், கைதிகளை உரிய கால இடைவெளியில் நேரில் கண்காணிப்பதிலும் ஊழியர் பயிற்சியிலும் வாலர் சிறை தவறியதை அவ்வாணையமே சுட்டிக்காட்டியது. குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2016-இல் 19 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது.

ஆனால் வாயில் எப்போதும் இரு பக்கமும் ஒன்றுபோல் திறப்பதில்லை. தண்டனையிலோ ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பிலோ முடியாத வழக்கின் விசாரணை விவரங்களை மறுக்கப் பொதுத் தகவல் சட்டத்தின் பிரிவு 552.108 இடமளிக்கிறது. குற்றமற்றவரைக் காப்பது போன்ற தோற்றமுடைய இவ்விலக்கு, காவலில் இறந்தவரின் கோப்பையும் பூட்டப் பயன்படுகிறது. இறந்தவர் மீதான வழக்கு ஒருபோதும் தண்டனையில் முடியாதன்றோ! விமர்சகர்கள் இதனை 'இறந்த சந்தேகநபர் ஓட்டை' என்கின்றனர். உயிரோடிருப்பவரின் கைதை வீட்டு உரிமையாளர் எளிதில் காணலாம். மகளின் மரணத்துக்கான காரணத்தைத் தாய் காண இயலாமற்போகலாம்.

பிரெய்ரி வியூ மாணவர்களுக்குக் காகிதத்தின் அதிகாரம் புதிதன்று. வாக்காளராகப் பதிய முயன்ற அவர்கள் முன் தனி வினாப்பட்டியலை நீட்டித் தடுத்த கவுண்டி அதிகாரிக்கு எதிரான தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 1979-இல் உறுதிசெய்தது. அங்கும் மாணவர்கள் ஆவணத்தின் முன் பணியவில்லை. அதை எழுதியவரைக் கேள்வி கேட்டனர்.

ஆகவே ஒரு பெயரைப் பதிவேட்டில் தேடும் எவரும் மூன்று வினாக்களைக் கையில் கொள்ளுதல் நன்று: இதை எழுதியவர் யார்? வழக்கு எவ்வாறு முடிந்தது? இதே நிகழ்வைச் சொல்லும் வேறு ஆவணம் எங்கே உள்ளது? சாண்ட்ரா பிளாண்டின் வாழ்வை அவ்வினாக்கள் மீட்டுத் தரவில்லை. ஆனால், காவலரின் வாக்குமூலத்தைக் காணொளிக்கு அருகில் வைத்துப் படித்தபோதுதான், குற்றஞ்சாட்டப்பட வேண்டியவர் வேறொருவர் என்பதை உலகம் கண்டது.