எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் ஊசி: பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

மூட்டுவாதம் என்றதும் அது வயது போனவர்களின் வருத்தம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் முடக்குவாதம் எனப்படும் மூட்டுவாதம் முப்பது, நாற்பது வயதிலும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களையே அது கூடுதலாகப் பிடிக்கின்றது. காலையில் எழும்பினால் விரல்கள் நெடுநேரம் விறைத்திருக்கும். இரண்டு கை மூட்டுகளும் ஒருமிக்க வீங்கும். மண்வெட்டியைப் பிடிக்கவோ, கிணற்றில் வாளியை இழுக்கவோ முடியாமற் போகும். சிகிச்சை செய்யாமல் விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு மூட்டுகள் கோணலாகிவிடும். காணியை விட்டு வந்து, கையுழைப்பையே முதலாக நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல.

இந்நோய்க்கு வைத்தியர்கள் முதலில் கொடுப்பது பெரும்பாலும் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கும் மெத்தோட்ரெக்சேற் குளிசையையே. அதற்கும் நோய் அடங்காதவர்களுக்குச் சில புதிய ஊசி மருந்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான அடலிமுமாப் பற்றியே இங்கு எழுதுகிறோம். 2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் முதன்முதல் அனுமதி பெற்ற இம்மருந்துக்கு ஒப்பான மருந்தொன்று 2014இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. முடக்குவாதம் மட்டுமன்றி, முள்ளந்தண்டு விறைக்கும் வாதம், சொரியாசிஸ் என்னும் தோல்நோய், குடலில் புண் உண்டாக்கும் குரோன்ஸ் நோய் முதலியவற்றுக்கும் இது கொடுக்கப்படுகிறது.

இது நல்ல மருந்து. நடக்க முடியாதிருந்த பலரை நடக்க வைத்த மருந்து. ஆனால் இதைப் பெறுபவரும் அவருடைய வீட்டாரும் சில விடயங்களைத் தெரிந்திராவிட்டால் அதுவே ஆபத்தாகவும் முடியலாம்.

மருந்து என்ன செய்கிறது?

நமது உடலில் நோய்க்கிருமி புகுந்தால் அதை எதிர்த்துப் போராட ஒரு காவற்படை உண்டு. அதையே நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். முடக்குவாதத்தில் இக்காவற்படை வழிதவறிச் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. இத்தாக்குதலுக்கு உத்தரவு கொடுக்கும் தூதுவர்களில் ஒன்று, ரீ.என்.எவ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம். அடலிமுமாப் அந்தத் தூதுவரைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. அதனால் வீக்கமும் நோவும் தணிகின்றன.

ஆனால் கிருமிகளை எதிர்ப்பதற்கும் உடலுக்கு அதே தூதுவர்தான் வேண்டும். எனவே இந்த ஊசியைப் போடும் காலத்தில் உடலின் காவல் ஓரளவு தளர்ந்தே இருக்கும். ஊசியை நிறுத்திய பின்பும் மருந்து உடலிலிருந்து முற்றாக வெளியேற நான்கு மாதங்கள் வரை செல்லலாம். அதுவரையும் கவனம் வேண்டும்.

தொடங்க முன்னர் செய்யவேண்டிய சோதனைகள்

காசநோயே இங்கு முதற் கவலை. காசநோய்க் கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பலருடைய உடல் அக்கிருமியைச் சுற்றி ஒரு வரம்பு கட்டி அதனை உள்ளேயே அடக்கி வைத்திருக்கும். ஆள் சுகமாகவே இருப்பார். அந்த வரம்பு உடையாமல் இருப்பதற்கு ரீ.என்.எவ். தேவை. அதை மருந்து தடுத்துவிட்டால், குளத்துக்கட்டு உடைந்தது போல, பல வருடங்கள் உறங்கிக் கிடந்த கிருமி பரவத் தொடங்கும். 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இதே இனத்தைச் சேர்ந்த இன்பிளிக்சிமாப் என்னும் மருந்தைப் பெற்ற பின்னர் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 48 பேருக்கு, மூன்று தடவைகளோ அதற்குக் குறைவாகவோ மருந்து ஏற்றிய நிலையிலேயே நோய் வெளிப்பட்டது. 40 பேருக்கு அது நெஞ்சுக்கு வெளியே, உடலின் வேறு இடங்களில் காணப்பட்டது.

ஆகவே ஊசியைத் தொடங்க முன்னர் நெஞ்சு எக்ஸ்ரேயும், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ சோதனையும் அல்லது அதற்குரிய இரத்தச் சோதனையும் செய்யப்படும். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் முதலில் அதற்கான மருந்து கொடுக்கப்படும். சாதாரணமாக அதை ஒரு மாதமாவது எடுத்த பின்னரே ஊசி தொடங்கும். இதைத் தாமதம் என்று எண்ணி மனம் சலிக்க வேண்டாம்.

நெருக்கமான முகாமிலோ நலன்புரி நிலையத்திலோ பலருடன் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டிலோ அயலிலோ காசநோய்க்கு மருந்து எடுத்தவர் இருந்தால் அதையும் மறைக்கக்கூடாது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமிக்கும் இரத்தம் சோதிக்கப்படும். இருதய பலவீனம், நரம்பு நோய், புற்றுநோய் முன்பு இருந்திருந்தாலும், நீரிழிவு இருந்தாலும் சொல்லுங்கள். பாவிக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கையிலே கொண்டுசென்று காட்டுங்கள்.

வயலும் சேறும்

விவசாயிக்கென்று தனியான சில ஆபத்துகள் உண்டு. நமது மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பக்ரீரியா மீலியோயிடோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. இலங்கையில் இந்நோய் 1927இலேயே அறிவிக்கப்பட்டது. தோலிலுள்ள வெட்டுக்காயம் வழியாகவும், சுவாசத்தின் வழியாகவும், சுத்தமற்ற நீரைக் குடிப்பதாலும் கிருமி உட்புகும். நீரிழிவு உள்ளவர்களையே இது கூடுதலாகத் தாக்குகிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களும் விழிப்பாக இருக்க வேண்டும். இருமல், காய்ச்சல், மெலிவு எனக் காசநோயைப் போலவே இது தோன்றலாம். எலிக்காய்ச்சலும் சேற்று நீர் வழியாகவே வருகிறது.

இதற்காக வயலை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சேற்றில் இறங்கும்போது நீளச் சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள். காலிலோ கையிலோ காயமிருந்தால் அது ஆறும்வரை அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதித்தாறிய நீரையே குடியுங்கள். கடும் மழையும் காற்றும் உள்ள வேளையில் வெளிவேலையைத் தள்ளிப்போடுங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயல் வேலைக்காரருக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் குளிசை உங்களுக்கு ஏற்றதா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள்.

காய்ச்சல் வந்தால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் பதிக்க விரும்பினால் இதைப் பதியுங்கள்: இந்த ஊசியைப் போடுபவருக்கு வரும் காய்ச்சல், வெறும் காய்ச்சல் அல்ல. காவல் தளர்ந்திருப்பதால் கடுமையான கிருமித் தொற்றும் இலேசான காய்ச்சலாகவே தோன்றலாம். "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி போடுகிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, கழுத்தில் கட்டி, ஆறாத புண், சலம் கழிக்கும்போது எரிவு, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் எதுவும் கண்டாலும் அப்படியே செய்யுங்கள். கண்பார்வை மங்குதல், கைகால் மரத்தல், கால் வீக்கம், செங்கமாரி என்பனவும் உடனே காட்ட வேண்டியவை.

காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது அடுத்த ஊசியைப் போட வேண்டாம். வைத்தியர் சொன்ன பின்னரே போடுங்கள். ஆனால் பிரெட்னிசொலோன் குளிசை எடுப்பவர்கள் அதைத் தாமாகவே திடீரென நிறுத்தக்கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். அத்துடன், காய்ச்சலுக்கு டைக்குளோபினக், இபுபுறூபன் போன்ற நோக் குளிசைகளைப் போட வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கு உண்டாகலாம்.

மருந்தைக் குளிரில் வைத்திருத்தல்

இம்மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். பல தயாரிப்புகளின் அறிவுறுத்தல் தாளில், 25 பாகைக்கு மேற்படாத அறை வெப்பத்தில் 14 நாள் வரை வைக்கலாம் என்று காணப்படும். இதை வாசித்து ஏமாற வேண்டாம். நமது பகுதிகளில், அதிலும் தகரக் கூரையின் கீழ், பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடும். அத்தாளில் சொல்லப்பட்ட அறை, நமது அறையல்ல. ஈரமண் பானையும் இம்மருந்துக்குப் போதாது.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராமல், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வைத்தியசாலையிலேயே ஊசியைப் போட்டுவர ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள். அல்லது அயலவரின் பெட்டியில் வைப்பதானால் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் சூடாகும். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தால் மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த மருந்து இளகினாலும் பாவிக்கக் கூடாது. மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காதீர்கள்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது றெஜிபோம் பெட்டியிலோ வாயகன்ற பிளாஸ்கிலோ ஐஸ் இட்டு, மருந்தைத் துவாயில் சுற்றி, ஐஸ்கட்டி நேரே படாதபடி வையுங்கள்.

ஊசி போடும் முறை

முடக்குவாதத்துக்கு வளர்ந்தவர்களுக்குச் சாதாரண அளவு, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 40 மில்லிகிராம். வேறு நோய்களுக்கு ஆரம்ப அளவு கூடலாம். முதல் ஊசிகளைத் தாதியின் முன்னிலையிலேயே போட்டுப் பழகுங்கள். பின்வருவன ஞாபகத்துக்கு மட்டுமே:

1. ஊசியை 15 முதல் 30 நிமிடம் வெளியே வையுங்கள். வெயிலிலோ சுடுநீரிலோ சூடாக்க வேண்டாம். குலுக்கவும் வேண்டாம்.

2. பாவனைத் திகதியைப் பாருங்கள். மருந்து கலங்கியிருந்தால், தூள் மிதந்தால், போடாதீர்கள்.

3. கையைச் சவர்க்காரத்தால் கழுவி, தொடையின் முன்பக்கத்தையோ, தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி வயிற்றையோ ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். சிவந்த, கன்றிய, தடித்த இடத்தில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள்.

4. தோலை மெதுவாகக் கிள்ளிப் பிடித்து, சொல்லித் தந்தபடி ஊசியை ஏற்றுங்கள். பின்னர் பஞ்சை அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம்.

5. பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி, வைத்தியசாலையில் ஒப்படையுங்கள். வேலியோரத்திலோ வயலிலோ எறிந்தால் வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைக்கு அது குத்தும்.

நாளை மறக்காமலிருக்கக் கலண்டரில் கிழமையைக் குறித்து வையுங்கள். அமாவாசை, பறுவம் பார்த்துப் போட்டால் நாள் முன்பின்னாகும். ஒரு ஊசி தவறினால் நினைவு வந்தவுடன் போட்டு, அடுத்ததை வழமையான நாளிலேயே போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போடக் கூடாது. போட்ட இடத்தில் சிறிது சிவத்தலும் அரிப்பும் சாதாரணம். முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

தடுப்பூசியும் தாய்மாரும்

உயிருள்ள கிருமியால் செய்யப்பட்ட தடுப்பு மருந்துகளை (எம்.எம்.ஆர்., பீ.சீ.ஜீ., போலியோச் சொட்டு) இந்த ஊசியைப் பெறுபவர் எடுக்கக்கூடாது. ஏற்புத் தடுப்பூசியும் நாய்க்கடிக்குப் போடும் விசர்நோய்த் தடுப்பூசியும் அவ்வகையல்ல. நாய் கடித்தால் பயந்து பின்னிற்க வேண்டாம். போகும்போது உங்கள் ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள்.

கர்ப்பிணித் தாய் இம்மருந்தைப் பெற்றிருந்தால் அது குழந்தைக்கும் செல்லும். நமது நாட்டில் பிறந்த குழந்தைக்கு வைத்தியசாலையிலேயே பீ.சீ.ஜீ. போடப்படுகிறது. தாயின் கடைசி ஊசியிலிருந்து ஐந்து மாதங்கள் வரை இவ்வாறான தடுப்பு மருந்துகள் குழந்தைக்கு உகந்தவையல்ல. ஆகவே பிரசவத்துக்கு முன்பே வைத்தியருக்கும் மருத்துவ மாதுக்கும் சொல்லி, கர்ப்பிணி அட்டையில் எழுதுவியுங்கள். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தடுப்பூசியை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் போலியோச் சொட்டுக் கொடுக்கும்போது மருத்துவ மாதிடம் உங்கள் நிலையைத் தெரிவியுங்கள்.

இடம் மாறும்போது

ஓரிடத்தில் நிலையாக இருப்பவருக்குக் கிளினிக்கில் பதிவேடு உண்டு. நமக்கு அப்படியல்ல. இன்று இங்கே, நாளை உறவினர் வீட்டில், பிறகு சொந்தக் காணியில். எனவே பதிவேடு நம்மோடு வரவேண்டும். ஒரு தாளில் இவற்றை எழுதி, கிளினிக் கொப்பியுடன் பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள்: மருந்தின் பெயரும் அளவும், தொடங்கிய திகதி, கடைசியாகப் போட்ட திகதி, காசநோய்ச் சோதனையின் முடிவு, எடுக்கும் வேறு மருந்துகள், ஒவ்வாமை. வேறு மாவட்டத்துக்குப் போக முன்னர் வைத்தியரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் கிளினிக்கைக் கண்டுபிடிக்கும்வரை கண்ட இடத்தில் மருந்து வாங்கிப் போட வேண்டாம்.

இத்தனையும் நோயாளி ஒருவர் தனியே நினைவில் வைத்திருக்க முடியாது. வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையாவது இதை வாசித்து அறிந்திருக்கட்டும். அம்மாவின் உடம்பு சுடுகிறது என்று முதலில் அறிவது பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைதான். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு.