அச்சு யந்திரத்தில் மை பரப்பும் உருளைகள்

ஒரு பயிருக்கு இட வேண்டிய உரத்தின் அளவு 2.5 கிலோ என்று அச்சிடப்பட வேண்டிய துண்டுப் பிரசுரத்தில் புள்ளி ஒன்று விழாமற்போனால், அளவு 25 கிலோ ஆகிவிடும். பாடநூலில் 'மண்' என்னும் சொல்லின் புள்ளி விழாவிடின் மாணவன் அதை 'மண' என்றே படிப்பான். மை மிகுந்தாலும் தீங்கு உண்டு. 3 என்னும் எண்ணின் வாய் அடைபட்டு 8 போலத் தோன்றும். தமிழ், கன்னடம் முதலிய நம் நாட்டு எழுத்துக்களில் சுழிகளும் சிறு குறிகளும் மிகுதி. ஆதலால் மையின் அளவு சிறிது கூடினாலும் குறைந்தாலும் அக்குறை இவற்றில் விரைவாக வெளிப்படுகின்றது.

இத்தகைய பிழைகளுக்கு எழுத்தின் தேய்வு, காகிதத்தின் தன்மை, அழுத்தத்தின் அளவு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எளிதில் கவனிக்கப்படாமல் விடப்படுவது மை பரப்பும் உருளை. மைத்தொட்டியிலிருந்து கொட்டியாக வரும் மையை மிக மெல்லிய, சீரான படலமாக்கி எழுத்தின் முகத்தில் மட்டும் வைப்பதே இவ்வுருளைகளின் பணி. அப்பணி செவ்வனே நடைபெற வேண்டுமாயின் உருளையின் மேற்பரப்பு மிருதுவாகவும், சற்றே ஒட்டும் தன்மையுடனும், அளவு மாறாமலும் இருத்தல் வேண்டும். இவை மூன்றும் நெடுங்காலம் உஷ்ணத்தையும் ஈரப்பதத்தையும் சார்ந்தே இருந்தன. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்து, அச்சுத் தொழிலில் நீண்ட அனுபவம் பெற்ற பெங்களூர் நகரத்தைக் கொண்டு இவ்வுண்மையை நன்கு விளக்கலாம்.

மைப் பந்திலிருந்து உருளைக்கு

அச்சுக்கலை தோன்றிய நாள் முதல் ஏறத்தாழ 350 ஆண்டுகள் வரை எழுத்துக்களுக்கு மை பூசுவதற்குத் தோற்பந்துகளே பயன்பட்டன. கம்பளி மயிரைத் திணித்துத் தோலால் மூடிய இரு பந்துகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, ஒன்றோடொன்று தேய்த்து மையைப் பரப்பிப் பின் எழுத்துக்களின்மீது ஒற்றுவார்கள். தொழிலாளியின் கைத்திறமையே மையின் அளவுக்குக் காவலாக இருந்தது.

யந்திரம் வந்தபொழுது இம்முறை போதவில்லை. ஃபிரெடரிக் கேனிக் அமைத்த நீராவி அச்சு யந்திரத்தில் 1814ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அச்சாயிற்று. மணிக்கு 1,100 தாள்கள் அச்சிட்ட அந்த யந்திரத்தில் தோல் போர்த்திய உருளைகள் இருந்தன. தோலைச் சுற்றித் தைத்தால் தையல் தடம் ஒன்று இருந்தே தீரும். அத்தடம் படும் இடத்தில் மை ஒழுங்காகப் பதியாது. தையலற்ற மேற்பரப்பு வேண்டும் என்ற இத்தேவையே கலவை உருளைக்கு வழிகாட்டியது. வஜ்ஜிரத்தையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்து உருக்கி, இரும்புத் தண்டைச் சுற்றி அச்சில் வார்த்து எடுத்தால் தையலே இல்லாத, ரப்பரைப் போன்ற உருளை கிடைக்கும். இத்தகைய உருளையை 1813ஆம் ஆண்டில் பிரையன் டான்கின், பேக்கன் ஆகிய இருவர் தம் யந்திரத்தில் பயன்படுத்தினர். பின்னர்ச் சர்க்கரைப் பாகின் இடத்தைப் பெரும்பாலும் கிளிசரின் பெற்றது.

மை பரவும் விதம்

அச்சு மை தண்ணீரைப் போல் ஓடும் பொருளன்று. புகைக்கரி போன்ற நிறப்பொடியை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் முதலியவற்றில் அரைத்துச் செய்த பிசுபிசுப்பான குழம்பு அது. மை படிந்த உருளை ஒன்று மற்றோர் உருளையைத் தொட்டு உருண்டு பிரியும்பொழுது, இடையிலுள்ள மைப்படலம் இரண்டாகக் கிழிபடுகின்றது. ஏறத்தாழச் சரிபாதி ஒன்றிலும், மறுபாதி மற்றொன்றிலும் தங்கும்.

உதாரணமாக, 64 மைக்ரான் கனமுள்ள மைப்படலம் சுத்தமான உருளையைத் தொட்டால் அதில் 32 மைக்ரான் ஏறும். அது அடுத்த உருளைக்கு 16 மைக்ரான் தரும். அதற்கடுத்தவை முறையே 8, 4 மைக்ரான் பெறும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடும் யந்திரத்தில் உருளைகள் முன்பே மையுடன் இருப்பதால் கணக்கு இவ்வளவு எளிதாக அமையாது. எனினும், சில மைக்ரான் கனமே காகிதத்திற்குப் போதும் என்பதையும், அந்த நிலையை அடையப் பல உருளைகள் ஏன் தேவை என்பதையும் இது விளக்கும். ஒவ்வொரு முறை படலம் கிழியும்பொழுதும் மேடு பள்ளங்கள் குறைகின்றன.

ஆனால் உருளுவதால் மட்டும் மை பக்கவாட்டில் நகராது. உருளையின் இடக்கோடியில் மை மிகுந்திருந்தால், எத்தனை உருளைகளைக் கடந்தாலும் இடக்கோடியிலேயே மிகுந்திருக்கும். இதை நீக்கும் வழியை எட்வர்டு கௌப்பர் கண்டார். அவர் 1818ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையில், தட்டையான மைப்பலகையின்மீது செல்லும் உருளைகள் சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டன. அதனால் அவை உருளும்பொழுதே பக்கவாட்டிலும் நகர்ந்து மையைத் தேய்த்துப் பரப்பின. பிற்கால யந்திரங்களில் சில உருளைகள் சுழன்றுகொண்டே இட வலமாக அசையுமாறு அமைக்கப்பட்டன.

சிற்றூர் அச்சகங்களில் பெருவழக்காக இருந்த டிரெடில் யந்திரத்தில் இதே பயனை வட்டமான மைத்தட்டு தந்தது. உருளைகள் தட்டின்மீது ஒரே திசையில் ஏறி இறங்கும். ஒவ்வோர் அச்சுக்கும் தட்டு சிறிது திரும்பிவிடும். ஆகவே முன் விழுந்த மைக்கோட்டை அடுத்த கோடு குறுக்கே வெட்டிச் செல்லும். தட்டைத் திருப்பும் கொக்கி தேய்ந்து, தட்டு நின்றுவிட்டால் பக்கத்தில் மை வரிவரியாகத் தோன்றும். மையைக் கூட்டுவதால் இக்குறை தீராது.

வஜ்ஜிர உருளையும் பருவ மாறுதலும்

பெங்களூரில் அச்சுத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வேரூன்றியது. அங்குள்ள வெஸ்லியன் மிஷன் அச்சகம் 1849ஆம் ஆண்டில் பகவத் கீதையைச் சமஸ்கிருதம், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் வெளியிட்டது. கன்னடத்தில் வரியின் கீழே தொங்கும் ஒத்தெழுத்துக்கள் மிகச் சிறியவை. அவை அடைபடாமல் அச்சாவதற்கு மை பூசும் உருளை நல்ல நிலையில் இருத்தல் இன்றியமையாதது.

கலவை உருளையின் குணங்கள் அதன் இரு பகுதிப் பொருள்களால் அமைகின்றன. வஜ்ஜிரம் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் புரதம். அது உருளைக்கு உறுதியைத் தருவது. கிளிசரின், காற்றிலுள்ள நீராவியை ஈர்த்து வஜ்ஜிரம் காய்ந்து போகாமல் காப்பது. சோப்பு செய்யும்பொழுது உடன்விளையும் பொருளே கிளிசரின். இவ்விரண்டும் நீரை விரும்புபவை. எனவே காற்றின் ஈரப்பதம் மாறும்பொழுதெல்லாம் உருளையும் மாறுகின்றது.

பெங்களூரில் மார்ச் மாதப் பிற்பகல்களில் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்குவதுண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதக் காலை வேளைகளில் அது 80 சதவீதத்திற்கு மேல் ஏறும். வறண்ட காலத்தில் உருளை நீரை இழந்து சுருங்கும். மேற்பரப்பு கடினமாகி ஒட்டும் தன்மை குறையும். மையை எடுக்கவோ கொடுக்கவோ இயலாது. மழைக்காலத்தில் உருளை நீரை ஏற்று உப்பும். ஈரம் படர்ந்த மேற்பரப்பு எண்ணெய் மையை ஏற்க மறுக்கும்.

உஷ்ணம் வேறு வகையில் தாக்குகின்றது. வஜ்ஜிரக் கலவை சூட்டில் இளகுவது. யந்திரம் விரைந்து ஓடும்பொழுது உருளையின் உள்ளேயும் வெப்பம் பிறக்கும். பெங்களூரில் ஏப்ரல் மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். வேலூர் போன்ற தாழ்நிலத்து ஊர்களிலோ மே மாதத்தில் 40 டிகிரியையும் தாண்டுவதுண்டு. மேட்டுநிலத்துக் குளிர்ந்த மாதங்களுக்கென வார்த்த மிருதுவான உருளை, தாழ்நிலத்துக் கோடையில் இளகி உருக்குலையக் கூடும். இதனாலேயே அச்சகத்தார் கோடைக்கு வஜ்ஜிரம் மிகுந்த கடின உருளைகளையும், குளிர்காலத்திற்குக் கிளிசரின் மிகுந்த மிருதுவான உருளைகளையும் தனித்தனியே வைத்திருந்தனர்.

உருளை வார்ப்பதும் பொறுமையை வேண்டிய வேலை. வஜ்ஜிரத்தை நீரில் ஊறவைத்து, மிகுந்த நீரை வடித்து, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்த மற்றொரு பாத்திரத்தில் உருக்குவார்கள். நேரடித் தீயில் கொதிக்கவிட்டால் புரதம் சிதைந்து வலிமை குன்றும். பின்பு கிளிசரினோ பாகோ சேர்த்து, எண்ணெய் தடவிய குழாய் அச்சினுள் காற்றுக் குமிழி சேராதபடி மெல்ல ஊற்றுவார்கள். வார்த்த உருளையைச் சில நாள் ஆறவிட்ட பின்னரே யந்திரத்தில் ஏற்றுவது வழக்கம். பழுதான உருளையை வெட்டி மீண்டும் உருக்கி வார்க்க முடிந்தமை, சிறிய அச்சகங்களுக்குப் பெரும் சிக்கனமாக இருந்தது.

விட்டமும் சக்கரமும்

டிரெடில் யந்திரத்தில் மை பூசும் உருளையின் இரு முனைகளிலும் சிறு சக்கரங்கள் உண்டு. அவை தண்டவாளத்தின்மீது ஓடி உருளையைச் சுழற்றுகின்றன. சக்கரத்தின் விட்டமும் உருளையின் விட்டமும் சமமாக இருந்தால், உருளை எழுத்துக்களின்மீது வழுக்காமல் உருளும். உருளை உப்பி அதன் விட்டம் ஒரு சதவீதம் கூடிவிட்டதாகக் கொள்வோம். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கத்தைக் கடப்பதற்குள் உருளையின் மேற்பரப்பு 2 மில்லிமீட்டர் வழுக்கிவிடும். அவ்வாறு வழுக்கும்பொழுது மை எழுத்தின் ஓரங்களில் வழிந்து, சுழிகளை அடைத்துவிடும். உருளை சுருங்கினால், சற்றே தேய்ந்த புள்ளிகளை அது தொடாமலே செல்லும். உரத்தின் அளவில் புள்ளி விழாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ரப்பர் உருளைகள்

இக்குறைகளைப் போக்க ரப்பர் உருளைகள் வந்தன. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும் இயல்புடையது. எண்ணெயைத் தாங்கவல்ல நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் 1930க்குப் பின்னர் வழக்கிற்கு வந்தமையால் பருவத்திற்கு ஏற்ப உருளை மாற்றும் தேவை அற்றது. 1953ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், பிற்காலத்தில் கேரளத்தின் களமசேரியிலுள்ள தன் பிரிவில் ஆஃப்செட் அச்சு யந்திரங்களைச் செய்தது. இத்தகைய யந்திரங்களில் மிருதுவான ரப்பர் உருளையும் கடினமான உருளையும் மாறி மாறி அமைந்திருக்கும். கடின உருளைகளுட் சில இட வலமாக அசையும்.

ஆயினும் கவனம் தேவையில்லை என்பதன்று. ஆஃப்செட் முறையில் மையோடு நீரும் பயன்படுகின்றது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீராலும், காகிதப் பூச்சிலிருந்து உதிரும் பொடியாலும் உருளைமீது கண்ணாடி போன்ற படிவு சேரும். அது மையை ஏற்காது. ஆகவே நீரின் கடினத்தன்மையைச் சோதித்தலும், உருளைகளை உரிய கரைப்பான் கொண்டு முறையாகக் கழுவுதலும் வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

தச்சர் வஜ்ஜிரத்தை மேற்கூறியவாறு உருக்கி இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் அதே எடையுள்ள கிளிசரினைச் சேர்க்கவும். இரண்டையும் தட்டுக்களில் ஊற்றி, ஆறியபின் சமமான துண்டுகளாக வெட்டவும். ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை நீர்க்கிண்ணம் வைத்து மூடிய ஜாடியிலும், மற்றொன்றைத் திறந்த வெளியில் நிழலிலும் வைத்து, ஒரு வாரம் நாள்தோறும் எடையையும் நீளத்தையும் குறித்து வரவும். கிளிசரின் சேராத துண்டு வெளியில் காய்ந்து விறைத்துவிடும். சேர்ந்த துண்டு வளையும் தன்மையை இழக்காது. ஜாடியிலுள்ளவை எடை கூடும். அன்றைய ஈரப்பதத்தையும் உடன் குறித்தால், பருவத்திற்கும் பொருளின் அளவுக்கும் உள்ள தொடர்பை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

களப்பணியாளர்கள் அச்சகத்திலிருந்து பிரசுரங்களைப் பெறும்பொழுது முதல் தாளை மட்டும் பார்த்தல் போதாது. நடுவிலும் இறுதியிலும் சில தாள்களை எடுத்து, எண்களின் புள்ளிகளும் சுழிகளும் தெளிவாக உள்ளனவா என ஒப்பிட்டு நோக்குதல் நலம். உருளையில் நேரும் மாறுதல் ஓட்டத்தின் இடையிலேயே தோன்றக்கூடும்; அதன் அடையாளம் முதல் தாளில் இராது.