தண்டலும் தொகுப்பும்: சேலம் சமவெளியினர் எழுதிய மலையாளிகள்

மலைச் சடங்குகள் பற்றிய தொடக்ககாலக் குறிப்புகளைக் கையாளும் ஆய்வாளர், தொகுத்தவர் யார் என்று மட்டுமன்றி, அவர் வேறு எதைத் தொகுக்க வந்தவர் என்றும் கேட்க வேண்டியுள்ளது. சேலம், நாமக்கல் பகுதியைப் பொறுத்தவரை விடை தெளிவானது. 1792இல் சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய துணைவர்களும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். அப்பணியினூடே குடிகளின் வழக்காறுகளும் எழுதப்பட்டன. அவை பாராமகால் ஆவணங்களின் ஒரு பகுதியாக 1907இல் சென்னையில் அச்சேறின. சேலம் மாவட்டக் கையேட்டை (1883) எழுதிய லெ ஃபானுவும், மாவட்ட விவரச்சுவடியை (1918) எழுதிய ரிச்சர்ட்ஸும் ஆட்சிப் பணியினரே. கலெக்டரைத் 'தண்டல் நாயகர்' என்று பழைய தமிழ் அழைத்ததில் பொருத்தம் உண்டு.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன் வரி தண்ட வந்தவர் அல்லர். உடலளவைக் கருவிகளோடும் ஒளிப்படக் கருவியோடும் சேர்வராயன் மலைக்கு வந்தார். அங்கு வாழும் மலையாளிகள் (கேரளத்தார் அல்லர்; தமிழ் பேசும் மலைக்குடியினர்) அவரை எதிர்கொண்ட விதத்தைத் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' (1909) நூலில் அவரே பதிந்துள்ளார். நிலத்தை அரசுக்கு எடுத்துக்கொண்டு தங்களை அந்தமானுக்கு அனுப்ப வந்த நிலவரித் திட்ட அதிகாரி என்று அவர்கள் அஞ்சினர். ஊரைப் படமெடுத்தபோது, ஒளிப்படக் கருவியை நில அளவைக் கருவியாகக் கருதித் தடுத்தனர். மலிவான உலோக அணிகளை விற்றவர்கள், பொன், வெள்ளி நகைகளைக் காட்டத் தயங்கினர். காட்டினால் தம் வளமைக்கு அது அரசுச் சான்றாகிவிடும் என்பது அவர்களின் கணக்கு. அளவெடுக்க உடன்படுவதைவிடக் கழுத்தறுபடுவதே மேல் என்று கூறி ஒருவர் ஓடியே போனார்.

தர்ஸ்டன் இதனை மூடநம்பிக்கையாகக் கண்டு நகைச்சுவையோடு எழுதுகிறார். அவ்வாறு கொள்வதற்கில்லை. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820களில் அம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தியபின் தோட்டங்கள் பெருகின. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அளவுகோலோடு வருபவர் நிலத்திற்காகவே வருகிறார் என்பது அனுபவம் தந்த முடிவு. நகையையே மறைத்தவர்கள் தெய்வத்தையும் இறப்புச் சடங்கையும் பற்றி எவ்வளவு சொல்லியிருப்பார்கள்? அந்நூலின் சடங்குச் செய்திகளைப் படிக்கும்போது இவ்வையம் உடனிருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக் கதையும் இத்தகையதே. கரைராமன் என்னும் தெய்வம் காஞ்சியை விட்டு நீங்க, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் குடும்பங்களோடு வந்து மலைகளில் குடியேறினர் என்பது அதன் சாரம். பெரியண்ணன் சேர்வராயனுக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சென்றதாக ஒரு வடிவம். பிற வடிவங்கள் மாறுபடுகின்றன. அதிகாரிகள் இதனைக் குடிப்பெயர்ச்சி வரலாறாகக் கொண்டு, இவர்கள் அண்மையில் மலையேறிய சமவெளி உழவரே என முடித்தனர். எந்த மலையினர் எவரோடு உறவினர், எத்தெய்வம் எவர்க்கு உரியது என்பதைச் சொல்லும் உரிமைக் கதையாக இதனைப் படிப்பதே தகும் எனக் கருதுகிறேன். அவ்வாறு படித்தால் வடிவ வேறுபாடுகள் பிழைகளாகத் தோன்றா. கொல்லிமலை இன்றும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பதினான்கு நாடுகளாக வழங்குவதை இதனோடு இணைத்து ஆராயலாம்.

இவ்வாசிப்பின் விளைவு நூலகத்தோடு நிற்பதில்லை. சேலம் உள்ளிட்ட சில பழைய மாவட்டங்களின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். மாதுரி பாட்டீல் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம், பழங்குடிச் சான்று கோருவோரின் தெய்வம், சடங்கு, மணமுறை, இறப்புச் சடங்கு ஆகியவற்றையும் விசாரிக்குமாறு நெறி வகுத்தது. விடைகளை ஒப்பிடப் பழைய நூல்களை நாடினால், சமவெளியினரின் வழக்கத்தை ஒத்த சடங்கு ஒன்றே விண்ணப்பதாரருக்கு எதிராகத் திரும்பக்கூடும். இச்சோதனை மட்டுமே முடிவானதன்று என அந்நீதிமன்றமே 2023இல் தெளிவுபடுத்தியது. எனினும் விசாரணையில் அதற்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழில் கையொப்பமிடுபவர் வருவாய்க் கோட்டாட்சியர்.