கன அடியும் தெருவும்: நகர வெள்ள எச்சரிக்கையில் பொருள் உணர்த்துதல்

நகரப் பேரிடர்க் காலத்தில் எச்சரிக்கை வெளியிடப்பெறுவதும் அதன் பொருளை மக்கள் உணர்வதும் வெவ்வேறானவை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடியாக உயர்ந்தது. மதகை இயக்கும் பொறியாளருக்கு இவ்வெண் தெளிவானது. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் வாழ்பவருக்கோ, தம் தெருவில் நீர் எப்போது, எவ்வளவு உயரத்திற்கு வரும் என்பதை அது உணர்த்தாது. பிற ஏரிகளின் உபரிநீரும் மழைநீரும் அடையாற்றில் கலந்தமையால், மதகின் அளவு மட்டும் ஆற்றின் நிலையைக் காட்டவும் இயலாது.

எனவே செய்தித்தொடர்புத் திட்டமிடல் பருவமழைக்கு முன்பே தொடங்குதல் வேண்டும். ஆற்றின் நீர்வரத்து ஒவ்வொரு நிலையை எட்டும்போதும் மூழ்கக்கூடிய தெருக்கள், வெளியேறவேண்டிய நேரம், செல்லவேண்டிய முகாம் ஆகியவற்றைக் கூறும் அறிவிப்புகள் முன்னரே எழுதிவைக்கப்பட வேண்டும். அவ்வெள்ளத்தின்போது பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டன. ஆதலின் வானொலி, ஒலிபெருக்கி ஊர்தி, வீடுதோறும் செல்லும் பணியாளர் ஆகிய வழிகளும் திட்டத்தில் இடம்பெறுதல் இன்றியமையாதது.

நீரளவை நிர்வாகத்திற்குத் தெரிவிப்பதோடு பொறியாளரின் கடமை நிறைவுறலாம். அவ்வளவைத் தெருவாரியான அறிவிப்பாக மாற்றும் பொறுப்பு எந்த அலுவலருடையது என்பது வரையறுக்கப்படாதவரை, எச்சரிக்கை கோப்பளவிலேயே நின்றுவிடும்.