50 டன் கல் தலையை இழுத்தவங்களுக்குச் சோறு போட்டது யார்? ஓல்மெக் மக்களின் சாப்பாட்டு அரசியல்

ஓல்மெக்னு தேடினா முதல்ல வந்து நிற்பது அந்த ராட்சதக் கல் தலைகள்தான். இதுவரை கிடைத்தவை 17. பெரியது 3 மீட்டருக்கு மேல் உயரம், எடை சுமார் 50 டன் வரை. இவை ஆட்சியாளர்களின் முகங்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பத்துத் தலைகள் கிடைத்த சான் லோரென்சோவுக்குக் கல் வந்தது, சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் டுஸ்ட்லா மலையிலிருந்து. இழுக்க மாடு இல்லை, குதிரை இல்லை, சக்கர வண்டியும் இல்லை. முழுக்க மனுஷ உழைப்பு.

அத்தனை பேர் வயலையும் வலையையும் விட்டுட்டு கல் இழுக்க வந்தா, அவங்க வயித்துக்கு யார் பொறுப்பு?

இடம், மெக்சிகோவின் வளைகுடாக் கரையோரச் சதுப்புநிலம். சான் லோரென்சோ உச்சத்தில் இருந்தது சுமார் கி.மு. 1400 முதல் 900 வரை. பிறகு லா வென்டாவின் காலம், கி.மு. 400 வரை. ('ஓல்மெக்' என்பது அவங்க வெச்சுக்கிட்ட பெயர் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து ஆஸ்டெக்குகள் அந்தப் பகுதி மக்களைச் சொன்ன பெயர். 'ரப்பர் நாட்டுக்காரர்கள்' என்று அர்த்தம்.)

1960களில் சான் லோரென்சோவைத் தோண்டிய மைக்கேல் கோ சொன்ன பதில்: மக்காச்சோளம். ஆறு ஒவ்வொரு வருஷமும் கரை மீறும். வெள்ளம் வடிந்ததும் ஆற்றோர மேடுகளில் புது வண்டல் படியும். உரமே வேண்டாம், விளைச்சல் அள்ளும். ஆனா அந்த மாதிரி நிலம் கொஞ்சம்தான். அதை வளைச்சுப் போட்ட குடும்பங்கள் பணக்காரங்க ஆனாங்க, அப்புறம் அதிகாரத்துக்கும் வந்தாங்க. அவர் ஆய்வு செய்த காலத்திலேயே, அங்கே கரை நிலம் வைத்திருந்த குடும்பங்கள்தான் ஊரில் செல்வாக்காக இருந்தன. நைல் நதிக் கதை மாதிரி அழகா பொருந்துது, இல்லையா?

கொஞ்சம் ஓவரா பொருந்துது, அதுதான் பிரச்னை. ஓல்மெக் தொடக்க காலத்தில் சோளம் இருந்தது; ஆனா தட்டில் முதலிடம் அதற்கு இல்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. சோளத்தின் பங்கு பெரிதாவது கி.மு. 1000-ஐ ஒட்டித்தான். குப்பைக் குழிகளில் கிடைத்தவை மீன் முள், ஆமை ஓடு, நாய் எலும்பு. ஆமாம், அவங்க வளர்த்துச் சாப்பிட்ட முக்கியமான பிராணி நாய்தான்.

சான் லோரென்சோவில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்திய ஆன் சைஃபர்ஸ் கவனத்தை வெள்ளக்காட்டுப் பக்கம் திருப்பினார். தாழ்வான நிலத்தில் மண் கொட்டி எழுப்பிய சிறு திட்டுகள் அங்கே நிறைய. தண்ணீர் வடியும்போது குட்டைகளில் மீன் சிக்கும்; திட்டில் இருந்துகொண்டே பிடிக்கலாம், பதப்படுத்தலாம். வெள்ளத்தில் பயிர் போனாலும் மீன் கைகொடுக்கும். எனக்கு இந்த விளக்கம்தான் நம்பும்படி இருக்கு. சதுப்புநிலத்தில் ஒரே பயிரை நம்பி யார் பிழைக்க முடியும்? ஆனா திட்டு எழுப்பவும் ஆள் கூட்டணும், யாருக்கு எந்தத் திட்டு என்று முடிவு செய்யணும். அதிகாரம் அங்கிருந்தும் பிறந்திருக்கலாம்.

பிறந்த அதிகாரம் கண்ணுக்குத் தெரியுற மாதிரியே வாழ்ந்தது. மேட்டின் உச்சியில் சிவப்பு மண் தரையும் எரிமலைக்கல் தூண்களும் கொண்ட ஒரு மாளிகை, கல்லில் குடைந்த வடிகால். சாதாரண ஜனங்களுக்கு மண் சுவர், ஓலைக் கூரை. சான் லோரென்சோ பானை ஓடுகளில் கொக்கோவின் தடயம் இருப்பதாக 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. விருந்திலும் சடங்கிலும் ஊற்றிக் கொடுத்த பானமாக அது இருந்திருக்கலாம்.

லா வென்டாவில் ஒரு கல் சிம்மாசனம் இருக்கு. அதன் முன்பக்கக் குகையில் தலைவர் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கயிறு பக்கவாட்டில் போய் இன்னொருவரின் கையில் முடிகிறது. அந்த ஆள் கைதியா, இல்லை தலைவரின் ரத்த சொந்தமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னமும் சண்டை.