கடற்பயணம் புறப்படும்போது செய்யப்பட்ட சடங்குகள்: வஸ்கொடகாமாவின் பயணம் தரும் விளக்கம்

மாணவர்களே, நாடுகாண் பயணங்கள் என்ற பாடப்பகுதியைப் படிக்கும்போது ஆண்டுகளையும் மாலுமிகளின் பெயர்களையும் மனனம் செய்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அப்பயணங்களில் சென்றவர்கள் எத்தகைய மனநிலையில் கரையை விட்டுப் புறப்பட்டார்கள், மன்னனும் மதகுருமாரும் அவர்களை எவ்வாறு வழியனுப்பினார்கள் என்பவற்றை அறிந்தால் அப்பயணங்களின் நோக்கங்களையும் இலகுவாக விளங்கிக்கொள்ளலாம். 1497 இல் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட வஸ்கொடகாமாவின் பயணத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. சடங்குகள் ஏன் தேவைப்பட்டன?

அக்காலத்தில் நீண்ட கடற்பயணம் என்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகும். வஸ்கொடகாமாவுடன் நான்கு கப்பல்களில் ஏறத்தாழ 170 பேர் சென்றனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே உயிருடன் திரும்பினர். புதிய காய்கறிகளும் பழங்களும் கிடைக்காமையால் ஏற்படும் 'ஸ்கேவி' நோயே பலரைப் பலிகொண்டது. இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் அரபிக் கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்றன. அதன் முடிவில் ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யக்கூடிய நிலையில் ஏழெட்டுப் பேரே இருந்தனர். கப்பல்களைச் செலுத்த ஆட்கள் போதாமையால் 1499 இல் ஒரு கப்பலை அவர்களே தீயிட்டு எரிக்க நேரிட்டது. வஸ்கொடகாமாவின் சகோதரன் பவுலோவும் தாயகம் சேருமுன்னரே இறந்தான்.

காற்றையும் நோயையும் மனிதர் கட்டுப்படுத்த முடியாது. எனவே பயணம் தொடங்குமுன் இறைவனின் துணையை வேண்டுவதும், இறக்க நேரிட்டால் அதற்கு ஆயத்தமாவதும் அவசியமெனக் கருதப்பட்டன.

2. புறப்பாட்டின்போது நடைபெற்றவை

(அ) கொடி வழங்கலும் சத்தியமும்
புறப்படுமுன் மனுவேல் மன்னன் வஸ்கொடகாமாவிடம் பட்டுக்கொடி ஒன்றைக் கையளித்தான். அதில் 'கிறிஸ்துவின் சபை' எனப்பட்ட மதப் போர்வீரர் அமைப்பின் சிலுவை பொறிக்கப்பட்டிருந்தது. அக்கொடியின் மீது வஸ்கொடகாமா விசுவாசச் சத்தியம் செய்தான். மன்னனுக்குச் செய்யும் கடமையும் மதத்துக்குச் செய்யும் கடமையும் ஒன்றே என்பதை இச்சடங்கு உணர்த்தியது.

(ஆ) இரவு முழுவதும் செபம்
லிஸ்பன் நகருக்கு மேற்கே, தேகஸ் ஆற்றங்கரையில் பெலெம் என்னுமிடத்தில் தேவமாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சிறு கோயில் ஒன்று இருந்தது. கடலோடி எனப் புகழ்பெற்ற இளவரசன் ஹென்றியே அதனை மாலுமிகளுக்காக அமைத்தவன். புறப்படுவதற்கு முந்திய இரவை வஸ்கொடகாமாவும் தோழர்களும் அங்கே விழித்திருந்து செபிப்பதில் கழித்தனர்.

(இ) ஊர்வலமும் பாவமன்னிப்பும்
1497 யூலை 8 ஆந் திகதி சனிக்கிழமை. கத்தோலிக்க மரபில் சனி தேவமாதாவுக்குரிய நாளாகும். அன்று பூசை முடிந்ததும் மாலுமிகள் கைகளில் மெழுகுதிரி ஏந்தி, குருமாரின் பின்னால் கரைவரை ஊர்வலமாகச் சென்றனர். கரையில் அனைவரும் முழந்தாட்படியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய, பயணத்தில் இறப்போருக்கும் சேர்த்துப் பாவமன்னிப்பு வழங்கப்பட்டது. கூடியிருந்த உறவினர் அழுதனர். பிற்காலத்தில் அக்கடற்கரை 'கண்ணீர்க் கரை' என அழைக்கப்பட்டதாக ஒரு வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

(ஈ) கப்பல்களின் பெயர்கள்
இரு பெரிய கப்பல்களுக்குக் கபிரியேல், இரபாயேல் ஆகிய அதிதூதர்களின் பெயர்கள் இடப்பட்டிருந்தன. கபிரியேல் இறைசெய்தியைக் கொண்டுசெல்பவர். இரபாயேல் பயணிகளுக்குத் துணைநிற்பவர். ஆகவே பெயரே ஒரு வேண்டுதலாக அமைந்தது.

3. குறியீடுகளின் பொருள்

மேற்கூறிய சடங்குகள் மூன்று பணிகளைச் செய்தன.

• அச்சத்தைத் தணித்தல்: பாவமன்னிப்புப் பெற்றவன் மரணத்தை ஓரளவு அமைதியுடன் எதிர்கொண்டான்.
• ஒற்றுமையை ஏற்படுத்தல்: தளபதியும் சாதாரண மாலுமியும் ஒரே கரையில் ஒன்றாக முழந்தாட்படியிட்டனர். பின்னர் கட்டளைக்குக் கீழ்ப்படிய இது உதவியது.
• அதிகாரத்தை வெளிப்படுத்தல்: இது தனியாரின் பயணமன்று, மன்னனின் பயணம் என்பதைக் கொடி எடுத்துக்காட்டியது.

எனினும் சடங்கு மட்டும் கப்பலைச் செலுத்தவில்லை என்பதையும் மனதிற்கொள்க. இந்து சமுத்திரத்தின் தென்மேற்குப் பருவக்காற்றைப் பயன்படுத்துவதற்கு ஏற்றவாறு, பின்னைய கப்பற்படைகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டன. புறப்படும் காலத்தைத் தீர்மானித்தது காற்று. அப்புறப்பாட்டுக்குப் பொருள் கொடுத்தது சடங்கு.

சடங்கு ஆபத்தை நீக்கவுமில்லை. 1500 மார்ச்சில் கப்ரால் என்பவன் 13 கப்பல்களுடன் புறப்பட்டபோது மன்னன் முன்னிலையில் பூசை நடைபெற்று, கொடியும் ஆசீர்வதிக்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு மே மாதத்தில் புயலில் சிக்கி நான்கு கப்பல்கள் மூழ்கின. நன்னம்பிக்கை முனையை முதலில் சுற்றிவந்த பார்த்தலோமியு டயஸும் அதில் மாண்டான்.

4. கரையில் தொடங்கிய குறியீடு மறுகரையில்

பெலெம் கரையில் ஆறுதலாக இருந்த சிலுவை, பிற நாடுகளின் கரைகளில் வேறொரு பொருளைப் பெற்றது. போர்த்துக்கேயர் சிலுவையும் அரச இலச்சினையும் கொண்ட கற்றூண்களைத் தாயகத்திலிருந்தே கப்பலில் ஏற்றிச்சென்று, தாம் சேர்ந்த இடங்களில் நாட்டினர். இவை 'பத்ராவோ' எனப்பட்டன. வஸ்கொடகாமா நாட்டிய தூண் ஒன்றின் சிலுவையை இன்றும் கென்யாவின் மாலிந்தியில் காணலாம்.

1497 டிசெம்பரில் தென்னாபிரிக்கக் கரையிலும் ஒரு தூணும் ஒரு சிலுவையும் நாட்டப்பட்டன. கப்பல்கள் புறப்படும் வேளையிலேயே அப்பிரதேச மக்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அவ்விரண்டையும் இடித்து வீழ்த்தியதை மாலுமிகள் கண்டனர். அந்நியரின் அடையாளம் தமது மண்ணில் நிற்பதை அம்மக்கள் ஏற்கவில்லை என்பது இதிலிருந்து புலனாகின்றது.

லொரன்சோ த அல்மேதாவின் வருகையோடு போர்த்துக்கேயர் இலங்கையுடன் தொடர்புகொண்டமையை நீங்கள் படித்திருப்பீர்கள். கொழும்பிலும் சிலுவையும் போர்த்துக்கேய அரச இலச்சினையும் செதுக்கப்பட்ட பாறையொன்று கண்டெடுக்கப்பட்டது. வர்த்தகம், மதம், அரச அதிகாரம் ஆகிய மூன்றும் இணைந்தே வந்தன என்பதற்கு இத்தகைய சின்னங்கள் சான்றாகும்.

வர்த்தகத்தால் கிடைத்த இலாபத்தின் ஒரு பகுதி பெலெமுக்கே திரும்பியது. ஆபிரிக்க, கீழைத்தேய வர்த்தகத்தின் மீதான 5 சதவீத வரியைக்கொண்டு, பழைய சிறு கோயில் இருந்த இடத்தில் ஜெரோனிமோஸ் என்னும் பெரும் துறவிமடம் எழுப்பப்பட்டது. 1983 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வஸ்கொடகாமாவின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

5. மூலாதாரங்களை மதிப்பிடல்

இப்பயணத்தில் கலந்துகொண்ட ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்துள்ளது. அது புறப்பட்ட நாளையும் இறைவனை நோக்கிய ஒரு சிறு வேண்டுதலையும் மட்டுமே குறிப்பிடுகின்றது. ஊர்வலத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஊர்வலம், கொடி வழங்கல் பற்றிய விரிவான செய்திகளை ஜொவாவோ த பறோஸ் போன்றோரின் நூல்களிலிருந்தே பெறுகின்றோம். பறோஸின் நூல் 1552 இல், அதாவது அரை நூற்றாண்டுக்குப் பின்னர் வெளிவந்தது. பேரரசின் புகழைப் பாடும் காலத்தில் எழுதப்பட்டமையால் அதில் அலங்காரம் கலந்திருக்க இடமுண்டு. முதலாம் நிலை, இரண்டாம் நிலை மூலாதாரங்களை ஒப்பிடும் வினாவுக்கு இது சிறந்த உதாரணமாகும்.

பயிற்சி வினா

"நாடுகாண் பயணங்களில் மதமும் அரச அதிகாரமும் இணைந்திருந்தன." உதாரணங்கள் தந்து விளக்குக. (புள்ளி 6)

விடைக்குரிய குறிப்புகள்:
• கொடியும் அதன்மீது செய்த சத்தியமும்
• பெலெம் செபம், பாவமன்னிப்பு
• கற்றூண்கள், கொழும்புப் பாறை

ஒவ்வொரு குறிப்பையும் பெயரிடுவதற்கு ஒரு புள்ளியும், அது எதனைக் குறித்தது என விளக்குவதற்கு ஒரு புள்ளியும் எனத் திட்டமிட்டு எழுதுக. பெயர்களை மட்டும் அடுக்கி எழுதினால் பாதிப் புள்ளிகளையே பெறலாம்.