கார் ஏ.சி.யில் பூஞ்சை வாடையா? கம்ப்யூட்டரில் பார்த்துச் சரி செய்யலாம்!

மழை விட்ட மறுநாள் காலை. காரில் ஏறி ஏ.சி. ஸ்விட்சைப் போடுகிறீர்கள். குளிர்ந்த காற்று வருவதற்கு முன்பே, காயாத துணியை மடித்து வைத்தது போன்ற ஒரு வாடை முகத்தில் அடிக்கிறது. பின் சீட்டில் இருக்கும் குழந்தை தும்மத் தொடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் வாடை குறைந்துவிடுகிறது. நாமும் மறந்துவிடுகிறோம். மறுநாள் மீண்டும் அதே கதை.

இதற்குப் பலரும் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, டாஷ்போர்டில் வாசனை டப்பா ஒன்றை வாங்கி வைப்பது. இன்னொன்று, "கேஸ் குறைந்திருக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பணம் கொடுத்து கேஸ் போட்டுக் கொள்வது. இரண்டாலும் பயன் இல்லை. வாசனை டப்பா வாடையை மறைக்கும், பூஞ்சையைத் தொடாது. கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையுமே தவிர, மக்கிய வாடை வராது. உண்மையான காரணம் ஈரம். அந்த ஈரத்தைக் காய வைக்காதவரை எதை அடித்தாலும் பூஞ்சை திரும்ப வரும். வைரஸ் உள்ள பென் டிரைவைத் தினமும் செருகிக் கொண்டே கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது போலத்தான் இதுவும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

டாஷ்போர்டுக்கு உள்ளே, பொதுவாக கிளவ் பாக்ஸுக்குப் பின்புறம் அல்லது காரின் நடுப்பகுதியில், எவாபரேட்டர் என்ற பாகம் இருக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் கூலிங் காயில் என்பார்கள். நெருக்கமான அலுமினியத் தகடுகளால் ஆனது. ப்ளோயர் தள்ளும் காற்று இந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து குளிர்ந்து வெளியே வருகிறது. ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே நீர்த்துளிகள் படிவது போல, காற்றில் உள்ள ஈரம் காயிலில் படிகிறது.

எவ்வளவு ஈரம்? சென்னை போன்ற கடலோர ஊரில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளை எடுத்துக் கொள்வோம். அன்று ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீர் இருக்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராம் அளவுக்குத்தான் நீரைத் தாங்க முடியும். மீதி 16 கிராமும் காயிலில் தங்கிவிடும். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்றை இழுத்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல்! உள்காற்றையே சுழல விடும்போது இது குறையும்.

இந்த நீர் ஒரு தட்டில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. நிறுத்திய காருக்குக் கீழே நாம் பார்க்கும் தண்ணீர் இதுதான். ஆனால் தகடுகளுக்கு இடையே ஒட்டிய ஈரம் இறங்குவதில்லை. அதில் தூசி, மகரந்தம், தோல் துகள் எல்லாம் ஒட்டுகின்றன. இருட்டு, ஈரம், உணவு மூன்றும் கிடைத்துவிட்டன. எஞ்சினை நிறுத்திய பிறகு காயில் வெதுவெதுப்பாகிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

ஆரோக்கியமானவருக்கு இது பெரும்பாலும் எரிச்சலோடு நின்றுவிடும். ஆனால் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குத் தும்மல், இருமல், மூச்சிரைப்பைத் தூண்டலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிய சிறிய இடத்தில் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.

எந்த வாடை, என்ன கோளாறு?

* ஏ.சி. போட்டதும் வந்து, சில நிமிடங்களில் குறையும் மக்கிய அல்லது புளித்த வாடை: காயிலில் பூஞ்சை, பாக்டீரியா.
* இனிப்பான வாடை, கூடவே கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம்: ஹீட்டர் பகுதியில் கூலண்ட் கசிவு.
* செத்த எலி வாடை: பெரும்பாலும் அதுவேதான். ப்ளோயர் பகுதியைத் திறந்து பார்க்கவும்.
* பெட்ரோல் வாடை, கருகிய வாடை: காரை நிறுத்திவிட்டு உடனே மெக்கானிக்கை அழைக்கவும்.
* முன் சீட்டின் கால் மிதியில் ஈரம்: ட்ரெயின் பைப் அடைப்பு அல்லது மழை நீர்க் கசிவு.

கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

காயிலைக் கண்ணால் பார்ப்பது கடினம். இங்கேதான் நம் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது. யு.எஸ்.பி. எண்டோஸ்கோப் என்ற சிறிய கேமரா கடைகளில் கிடைக்கிறது. நீண்ட ஒயரின் முனையில் பென்சில் அளவே உள்ள கேமரா, அதைச் சுற்றிச் சிறிய எல்.இ.டி. விளக்குகள். வாங்கும்போது 5.5 அல்லது 7 மி.மீ. தடிமன் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். ஒயர் ஒரு மீட்டர் இருந்தால் போதும்.

இவற்றில் பல, வெப் கேமரா போலவே லேப்டாப்பில் இயங்கும். தனி டிரைவர் தேவைப்படாது. யு.எஸ்.பி. போர்ட்டில் செருகி, விண்டோஸில் உள்ள கேமரா அப்ளிகேஷனைத் திறந்து, கேமராவை மாற்றும் பட்டனை கிளிக் செய்தால் படம் தெரியும். மொபைல் போனில் பார்க்க, ஓ.டி.ஜி. வசதியும் அதற்கான அப்ளிகேஷனும் தேவை.

முதலில் இக்னிஷனை நிறுத்திச் சாவியை எடுத்துவிடவும். ப்ளோயர் சுழன்றால் ஒயர் சிக்கிக் கொள்ளும். பிறகு கிளவ் பாக்ஸைக் கழற்றி, ஏ.சி. ஃபில்டரை வெளியே இழுக்கவும். சில கார்களில் ஃபில்டர் ப்ளோயருக்கும் காயிலுக்கும் நடுவே இருக்கும். அவற்றில் கேமராவை நுழைத்தால் காயில் நேராகத் தெரியும். வேறு சில கார்களில் ஃபில்டர் ப்ளோயருக்கு முன்னால் இருப்பதால் ப்ளோயர் சக்கரம்தான் தெரியும். அங்கே வலிந்து நுழைக்க வேண்டாம்.

சுத்தமான காயில் வெள்ளிச் சீப்பு போல மெல்லிய கோடுகளாகத் தெரியும். சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியது போல இருந்தால் தூசி. கருப்பு, பச்சை, வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தை சேவ் செய்து வைத்துக் கொள்ளவும். சுத்தம் செய்த பிறகு எடுக்கும் படத்தோடு ஒப்பிடலாம். டாஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று ஒர்க்ஷாப்பில் சொன்னால், இந்தப் படத்தைக் காட்டி ஏன் என்று கேட்கலாம்!

சுத்தம் செய்யும் முறை

ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்ய வேண்டாம். மற்றவர்கள் என்-95 மாஸ்க், கையுறை, கண்ணாடி அணிந்து, காரைத் திறந்த வெளியில் நிறுத்திச் செய்யவும்.

1. ஃபில்டர்: ஈரமாக, கருப்பாக இருந்தால் கழுவ முயலாமல் புதிது வாங்கவும். பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுவார்கள். உங்கள் காரின் மேனுவலில் உள்ளதே சரியான கணக்கு. புதியதை மாட்டும்போது காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனிக்கவும். சில விலை குறைந்த மாடல்களில் ஃபில்டரே இருக்காது. அதற்கான இடம் மட்டும் இருக்கும்.

2. காற்று நுழையும் வாய்: முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அருகே உள்ள சல்லடையில் இலை, சருகு சேர்ந்திருக்கும். அள்ளி எடுத்துவிடவும்.

3. ட்ரெயின் பைப்: பத்து நிமிடம் ஏ.சி. ஓடியும் காருக்குக் கீழே நீர் சொட்டவில்லை என்றால் அடைப்பு இருக்கலாம். மெதுவாக ஊதிச் சரி செய்யலாம். கம்பியால் குத்த வேண்டாம். காருக்கு அடியில் செல்ல வேண்டி இருந்தால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிடவும்.

4. காயில்: கார் எவாபரேட்டருக்கு என்றே நுரை கிளீனர் விற்கிறார்கள். எஞ்சினும் ப்ளோயரும் நின்றிருக்கும்போது, அதன் மெல்லிய குழாயை ஃபில்டர் இடைவெளி அல்லது ட்ரெயின் பைப் வழியாக நுழைத்துக் காயிலின் மீது அடிக்கவும். ப்ளோயர் மோட்டார், ஒயர் இணைப்புகளின் மீது படக்கூடாது. டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை காத்திருக்கவும். நுரை கரைந்து அழுக்கு நீராகக் கீழே வடியும்.

5. காய வைத்தல்: வடிந்து முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, ஏ.சி. பட்டனைப் போடாமல் ப்ளோயரை மட்டும் வேகமாக ஓட விடவும். அப்போது காருக்குள் யாரும் உட்கார வேண்டாம். காற்றுத் துவாரங்களைச் சிறிய பிரஷால் துடைத்துவிட்டு, கடைசியாகப் புதிய ஃபில்டரை மாட்டவும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* ப்ளீச்சிங் கரைசல் அலுமினியத்தை அரிக்கும். காயிலில் ஓட்டை விழுந்தால் செலவு பல மடங்கு.
* ஆல்கஹால் கலந்த ஸ்பிரேயை ப்ளோயர் ஓடும்போது அடிக்க வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.
* பிரஷர் வாஷர் கொண்டு அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.
* ஓசோன் மெஷின் வைத்து வாடை போக்குவதாகச் சொல்வார்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். காயிலில் உள்ள அழுக்கும் ஈரமும் அப்படியேதான் இருக்கும்.

மீண்டும் வராமல் இருக்க

இதற்குச் செலவே இல்லை. வீடு சேர மூன்று முதல் ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி. பட்டனை மட்டும் அணைத்துவிடவும். உள்காற்று பட்டனை வெளிக்காற்றுக்கு மாற்றி, ப்ளோயரை வேகமாக ஓட விடவும். கம்ப்ரசர் நின்றுவிடுவதால் காயில் சூடேறும். மேலே செல்லும் காற்று அதன் ஈரத்தை எடுத்துக் கொண்டு போய்விடும். ஆட்டோமேட்டிக் ஏ.சி.யிலும் இந்தப் பட்டனைத் தனியே அணைக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மழை பெய்யும்போது ஓட்டிக் கொண்டே இதைச் செய்தால் முன் கண்ணாடியில் பனி படர்ந்து பாதை தெரியாமல் போகலாம். அப்போது ஏ.சி. ஓடட்டும். வீடு சேர்ந்து காரை நிறுத்திய பின், திறந்த வெளியில் ப்ளோயரை ஓட விடுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

இதே வேலையைத் தானாகச் செய்யும் வசதியும் வந்திருக்கிறது. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சில மாடல்களில் இதற்கு ஆஃப்டர் ப்ளோ என்று பெயர். எஞ்சின் நின்ற பிறகு ப்ளோயர் தானே சிறிது நேரம் ஓடிக் காயிலைக் காய வைக்கும். உங்கள் காரில் உள்ளதா என்று மேனுவலில் பாருங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. ப்ளோயர் பெட்டிக்குள் சேறு புகுந்த காருக்கு நுரை கிளீனர் போதாது. பெட்டியைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சும் காய வேண்டும். அது ஈரமாக இருந்தால் ஏ.சி.யை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வாடை போகாது.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டு, முதல் நிமிடக் காற்றை மோந்து பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் வாசனை ஸ்பிரே அளவுக்கு மீறி மணந்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நுரை கிளீனர் அடித்து, ஃபில்டர் மாற்றி, இரண்டு வாரம் காய வைத்தும் வாடை போகவில்லை என்றால், காயிலை வெளியே எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதை ஏ.சி. மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் இன்று மாலையே தொடங்கலாம். வீட்டுத் தெரு திரும்பும்போது ஏ.சி. பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். அது போதும்.